கல்ச்சரில் கிருமி இல்லை, கடுப்பு மட்டும் நிற்கவில்லை: ஐ.சி. நோயாளிக்கு ஒரு வழிகாட்டி

மாதக்கணக்கில் நீர்க்கடுப்பு. அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம். போகும் இடமெல்லாம் "யூரின் இன்ஃபெக்ஷன்தான்" என்று ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் கொடுத்தாலோ கிருமி வளரவில்லை என்று ரிப்போர்ட் வருகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதுரையில் இருந்துகொண்டு யாரைப் பார்ப்பது, எந்த டெஸ்டை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

கிருமி இல்லாமலே சிறுநீர்ப்பையில் தங்கிவிடும் இந்த நாள்பட்ட வலியை டாக்டர்கள் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்றோ ப்ளாடர் பெயின் சிண்ட்ரோம் என்றோ எழுதுவார்கள். சீட்டில் சுருக்கமாக ஐ.சி. என்று இருக்கும். இதை "ஆமாம், இருக்கிறது" என்று சொல்ல ஒற்றை டெஸ்ட் கிடையாது. கிருமி இல்லை, கல் இல்லை, காசநோய் இல்லை, கட்டி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்துதான் இதில் நிற்பார்கள். அதனால் "நார்மல்" என்று வந்த ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த நோயில் உங்கள் கையில் இருக்கும் சொத்தே அவைதான்.

1. இது அதுதானா என்று முதலில் பாருங்கள்

தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் வலி, அல்லது கனமான ஓர் அழுத்தம். நீர் சேரச் சேர அது ஏறும். போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு மறுபடி ஏறும். ராத்திரியும் எழுப்பிவிடும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடும். தாம்பத்திய உறவின்போதும் அதற்கு மறுநாளும் வலிக்கலாம். இப்படி ஆறு வாரத்துக்கு மேல் இருந்து, கல்ச்சரிலும் கிருமி இல்லை என்றால் ஐ.சி.யைச் சந்தேகிக்கலாம்.

கசிந்துவிடுமோ என்ற பயத்தில் பாத்ரூமுக்கு ஓடுவது வேறு, வலி தாங்காமல் ஓடுவது வேறு. முதலாவதற்குத் தரும் மாத்திரை இரண்டாவதற்குப் பெரும்பாலும் கேட்காது. டாக்டர் "அவசரமாக வருகிறதா?" என்று கேட்டால் வெறுமனே "ஆமாம்" என்று சொல்லி விட்டுவிடாமல், எதற்காக ஓடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இது பெண்களுக்குத்தான் அதிகம் என்பதால் ஆண்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவர்களுக்கு ப்ராஸ்டேட் அழற்சி என்று வருஷக்கணக்கில் மருந்து ஓடும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களும் இதைப் படிக்கட்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்: குளிர்காய்ச்சலோடு விலாவுக்குப் பின்னால் வலி, நீர் அடியோடு கட்டிக்கொள்வது, சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம். ரத்தம் ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் சும்மா விடக் கூடாது. புகை பிடிப்பவர்களும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களும் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

2. மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர்

நான் பார்த்தவரை ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கடுப்பு தாங்காமல் மருந்துக் கடைக்குப் போய் நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு, மறுநாள் கல்ச்சர் கொடுப்பார்கள். கிருமி இருந்திருந்தாலும் அந்த ரிப்போர்ட்டில் காட்டாமல் போகலாம். பிறகு அந்தக் காகிதத்தை வைத்து எதையும் நம்பிச் சொல்ல முடியாது. அந்த வகை மாத்திரைகளுக்குக் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும் தன்மை உண்டு. உள்ளே காசநோய் இருந்தால் அது மறைந்து நின்று, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

சாம்பிள் கொடுக்கும் முறையும் முக்கியம். கையையும் மறைவிடத்தையும் வெறும் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் தந்த மூடி போட்ட டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. முடிந்தால் லேபிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்து ஊரைச் சுற்றினால் வழியிலேயே கிருமி பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும்.

ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும். "நோ குரோத்" என்று இருந்தால் சாதாரணத் தொற்றுக் கிருமி எதுவும் வளரவில்லை. "மிக்ஸ்டு குரோத்" என்று இருந்தால் பெரும்பாலும் சாம்பிளில் வெளிக்கிருமி கலந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து சாப்பிடுவதைவிடத் திரும்ப ஒரு சாம்பிள் கொடுப்பது மேல். சாதா யூரின் டெஸ்டில் "பஸ் செல்ஸ்", அதாவது சீழ் அணுக்கள், கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாராவது ஆன்டிபயாடிக் எழுதினால், "கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. காய்ச்சல் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ இந்தக் கேள்வி பொருந்தாது, அப்போது டாக்டர் சொல்கிறபடி உடனே மருந்தை ஆரம்பியுங்கள்.

தனியார் லேபில் சாதா டெஸ்ட் நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும், கல்ச்சர் ஐந்நூறைத் தாண்டும். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது.

3. மூன்று நாள் நோட்டு

இதற்குச் செலவு ஒரு பிளாஸ்டிக் அளவு ஜாடி மட்டும்தான். ஆனால் டாக்டரின் மேஜையில் ஸ்கேனைவிட இதுதான் அதிகம் பேசும். மூன்று நாள், இருபத்துநான்கு மணி நேரமும், ஒவ்வொரு முறை போகும்போதும் அளந்து எழுதுங்கள். வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் பாத்ரூமுக்கு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. என் நோட்டில் ஒரு காலைப்பொழுது இப்படி இருந்தது:

காலை 5.50 – 140 மி.லி. – வலி 6, போன பின் 3
6.30 – காபி ஒரு டம்ளர்
6.55 – 60 மி.லி. – வலி 7
7.25 – 50 மி.லி. – வலி 7, போன பின் 6
8.10 – இட்லி, தக்காளிச் சட்னி, தண்ணீர் 200 மி.லி.
8.30 – 70 மி.லி. – வலி 8

வலியைப் பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். சாதாரணமாக ஒருவருக்கு ஒரு தடவைக்கு 300 மி.லி. அளவில் போகும், பகலில் ஏழெட்டுத் தடவைக்குள் முடிந்துவிடும். ஐம்பதும் அறுபதுமாக நாள் முழுக்க வரிசைகட்டி நிற்கும் ஒரு நோட்டைப் பார்த்த பிறகு "மனசுல நினைச்சுக்காதீங்கம்மா, எல்லாம் டென்ஷன்" என்று யாரும் அனுப்பிவிட முடியாது. ஒவ்வொரு தடவையும் ஏராளமாகப் போகிறது என்றால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கலாம், முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

4. ஃபைல்

ஸ்டேஷனரி கடையில் கண்ணாடி உறை வைத்த ஃபைல் ஒன்று வாங்கி, தேதி வாரியாக அடுக்குங்கள். மேலே ஒரு பக்கத்தில் சுருக்கம்: எப்போது ஆரம்பித்தது, இதுவரை என்னென்ன மருந்து எத்தனை நாள் சாப்பிட்டது, எது கேட்டது, எது கேட்கவில்லை, என்ன அலர்ஜி, என்ன ஆபரேஷன். அதன் கீழே கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் எல்லாம். பிறகு நோட்டின் நகல், ஸ்கேன், ரத்த டெஸ்ட்.

லேப் தரும் ரிப்போர்ட்டுகளில் சில வழவழப்பான தாளில் இருக்கும், ஒரு வருஷத்தில் எழுத்து மங்கிப்போகும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சென்டரில் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், எழுதிய ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

5. யாரிடம் போவது

யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான டாக்டர். பெண்கள் பெரும்பாலும் முதலில் மகப்பேறு டாக்டரிடம்தான் போகிறோம். அதில் தப்பில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) போன்றவற்றை அவர்தான் பார்க்க வேண்டும், அது இதோடு சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஆனால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்று யாராவது சொன்னால், யூராலஜிஸ்ட் ஒருவர் பார்க்கும்வரை சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். வலி சிறுநீர்ப்பையிலிருந்து வருகிறது என்றால் கர்ப்பப்பையை எடுத்தும் அது அப்படியே இருக்கும்.

சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை என்று பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் யூராலஜி பிரிவு இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. இரண்டிலும் உண்டு. அரசு மருத்துவமனையில் ஓ.பி. காலையில்தான். சில இடங்களில் இந்தப் பிரிவுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் இருக்கும், முன்னாலேயே ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். சீட்டு வாங்க ஆதார் கொண்டு போங்கள். வெளியூர்ப் பெரிய மருத்துவமனை என்றால் ஆன்லைனில் தேதி வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. டெஸ்ட், ரிப்போர்ட், மறுபடி டாக்டர் என்று சில நாள் தங்க வேண்டியிருக்கும். லாட்ஜில் அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், நம் நிலைமையில் அது ஆடம்பரம் இல்லை.

உள்ளே போனதும் மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள்: எத்தனை மாதமாக வலி, நீர் நிறைய நிறையக் கூடுகிறதா, எத்தனை கல்ச்சரில் கிருமி இல்லை. "ஐ.சி.யாக இருக்குமா என்று பார்க்க முடியுமா?" என்று நீங்களே கேட்கலாம். கூகுளில் படித்தேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

6. டெஸ்டுகள்: எது தேவை, எது தேவையில்லை

அடிவயிற்று ஸ்கேன் முதலில் வரும். தண்ணீர் குடித்து நிரம்பிய பிறகு ஒரு தடவை, போய்விட்டு வந்த பிறகு ஒரு தடவை பார்ப்பார்கள். மிச்சம் எவ்வளவு தங்குகிறது என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். நமக்கு அந்த நிரம்பும் நேரம்தான் நரகம். "எனக்கு வலி அதிகம், ரொம்ப நேரம் அடக்க முடியாது" என்று வரவேற்பில் சொல்லிவைத்தால் பெரும்பாலும் வரிசையில் முன்னால் விடுவார்கள்.

நம் ஊரில் காசநோயைத் தாண்டாமல் யாரும் ஐ.சி. என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கின்றன, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் சாதாக் கல்ச்சரில் தெரியாத காசநோய்க் கிருமியாக இருக்கலாம். அதற்குத் தொடர்ந்து மூன்று நாள் விடியற்காலை முதல் சிறுநீரைக் கொடுக்க வேண்டும். ஜீன் எக்ஸ்பர்ட் என்ற டெஸ்டில் முடிவு சீக்கிரம் வந்துவிடும், காசநோய்க் கல்ச்சருக்கு ஆறு முதல் எட்டு வாரம்வரை ஆகும். காசநோய்க்கான டெஸ்டும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். இது இருந்து கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பை சுருங்கியே போய்விடும், அதனால் டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

அடுத்தது சிஸ்டோஸ்கோப்பி, சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய கேமராவை விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பது. ஐ.சி. என்று சந்தேகிக்கிற எல்லாருக்கும் இது முதல் நாளே தேவைப்படாது. ரத்தம் வந்தவர்கள், ஐம்பதை ஒட்டியோ தாண்டியோ உள்ள வயதினர், மருந்துக்குக் கேட்காதவர்கள் ஆகியோருக்கு அவசியம். உள்ளே ஹன்னர் புண் எனப்படும் சிவந்த திட்டுகள் இருக்கின்றனவா என்று தேடுவார்கள். 1915-ல் கை ஹன்னர் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்ததால் அந்தப் பெயர். ஐ.சி. உள்ளவர்களில் கொஞ்சப் பேருக்குத்தான் இந்தப் புண் இருக்கும். இருந்தால் ஒரு விதத்தில் அதிர்ஷ்டம், அதை அங்கேயே கரித்துவிடலாம் அல்லது ஊசி போடலாம். பலருக்கு மாதக்கணக்கில் வலி குறையும், திரும்ப வந்தால் திரும்பச் செய்வார்கள்.

மயக்கம் கொடுத்துப் பார்க்கும்போதே சிறுநீர்ப்பையைத் தண்ணீரால் கொஞ்ச நிமிஷம் விரித்துப் பார்ப்பதும் உண்டு. சிலருக்கு அதிலேயே நிம்மதி கிடைக்கும், ஆனால் முதல் சில நாள் வலி கூடிவிட்டுத்தான் குறையும். அப்படி விரிக்கும்போது தெரியும் பொட்டுப் பொட்டான ரத்தக் கசிவை மட்டும் வைத்து ஐ.சி. என்று முடிவு செய்ய முடியாது, நோய் இல்லாதவர்களுக்கும் அது வரும். கேமராவில் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தால் உங்களுக்கு நோயே இல்லை என்றும் ஆகிவிடாது.

பொட்டாசியம் கரைசலை உள்ளே விட்டு வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய டெஸ்டை இப்போது பரிந்துரைப்பதில்லை. யாராவது எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். வலிப்பதற்கென்றே ஒரு டெஸ்ட், அதற்குக் காசு வேறு.

7. அடுப்படி

ஆங்கிலத்தில் கிடைக்கும் உணவுப் பட்டியல்கள் நமக்கு அரைகுறையாகத்தான் உதவும். அதில் தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி, காபி, டீ, கூல்டிரிங்க்ஸ், சாராய வகை, செயற்கை இனிப்பு, காரம் எல்லாம் இருக்கும். புளி இருக்காது. நம் சாம்பாரும் ரசமும் வத்தக்குழம்பும் புளியில்தானே நிற்கின்றன? எனக்கு ரசம் ஆகவே ஆகாது. தயிர் ஒன்றும் செய்யவில்லை. இதே நோய் உள்ள என் தோழிக்கு நேர் எதிர். ஆகவே யாருடைய பட்டியலையும், என்னுடையதையும் சேர்த்து, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்முறை இதுதான். இரண்டு மூன்று வாரம் புளிப்பு, காரம், காபி, டீ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாசிப்பருப்புக் கூட்டு, சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், தேங்காய் அரைத்த பொரியல், வெள்ளைச் சோறு, புளி மிளகாய் இல்லாத தேங்காய்ச் சட்னியோடு இட்லி, ராகிக் கஞ்சி, பால். சப்பென்றுதான் இருக்கும். வீட்டில் எல்லாரும் வத்தக்குழம்பு பிசைந்து சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிடுவது சுலபமில்லை. வலி குறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், ஒரு பொருளுக்கு மூன்று நாள் இடைவெளி விட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு. மூன்று வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் உங்கள் வலிக்குச் சாப்பாடு காரணமில்லை, பழையபடி சாப்பிடுங்கள். வருஷக்கணக்கில் பத்தியம் இருந்து உடம்பு இளைப்பதில் லாபமில்லை.

"சூடு பிடிச்சிருக்கு, எலுமிச்சம்பழச் சாறு குடி" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நம்மில் பலருக்கு அதுவே வினையாகும். மருந்துக் கடையில் தரும் க்ரான்பெரி பாக்கெட்டும் அப்படித்தான், அது கிருமித் தொற்று திரும்ப வராமல் தடுக்க என்று விற்பது, நமக்குப் புளிப்பு எரிச்சலைத்தான் கூட்டும். சப்புகிற வைட்டமின் சி மாத்திரையும் அதே கணக்கு. பார்லித் தண்ணீர் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. இளநீரைக் கொஞ்சமாகக் குடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடிக்கடி போகிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் அநேகம். சிறுநீர் கெட்டியாகி இன்னும் சுடும். ஒரே மூச்சில் சொம்பு சொம்பாகக் குடிக்காமல் நாள் முழுக்கப் பரவலாகக் குடியுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், குடல் அடைத்தால் சிறுநீர்ப்பையும் சேர்ந்து படுத்தும்.

8. இடுப்படித் தசை

வலியில் மாதக்கணக்கில் இறுக்கிப் பிடித்தே பழகிய இடுப்படித் தசைகள், அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள், தாமே ஒரு வலியாகிவிடும். டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும். இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அந்தத் தசைகளைத் தளர்த்திவிடுவார். ஐ.சி. சிகிச்சையிலேயே பலன் உறுதியாகத் தெரிந்தவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் நம் ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் குறைவு. சாதாரண முட்டுவலி பிசியோ சென்டரில் கேட்டால் பிரசவத்துக்குப் பின் செய்யும் கீகல் பயிற்சியைச் சொல்லித் தருவார்கள். வேண்டாம். அது இறுக்குகிற பயிற்சி, இறுகிப்போன தசையை இன்னும் இறுக்கும். "தளர்த்தும் சிகிச்சை தெரியுமா?" என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

இதோடு நேர இடைவெளியைக் கூட்டும் பயிற்சி. வலி ஓரளவு அடங்கிய பிறகுதான் இது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் ஐம்பது நிமிஷம், பிறகு ஒரு மணி நேரம். வலியோடு மல்லுக்கட்டி அடக்க வேண்டாம்.

9. மாத்திரைகள்

அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் முதலில் வரும். மனநோய்க்குத் தரும் மாத்திரை என்று கடைக்காரரோ உறவுக்காரரோ சொல்லிப் பயமுறுத்துவார்கள். நரம்பு வலிக்கு இதைக் குறைந்த அளவில் தருவது வழக்கம். இரவில் 10 மி.கி.யில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும், மலச்சிக்கல் வரும். முதல் வாரம் காலையில் வண்டி ஓட்டாதீர்கள். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது. விலை மிகக் குறைவு. ஹைட்ராக்சிசின் என்ற அலர்ஜி மாத்திரையையும் சிலருக்கு இரவில் தருவார்கள்.

பென்டோசான் பாலிசல்ஃபேட் என்ற கேப்சூல் இந்த நோய்க்கென்றே வந்தது. 100 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை. மாதச் செலவு கையைக் கடிக்கும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்பதால், ஒரு மாதம் சாப்பிட்டு விட்டுவிடுவதற்குப் பதில் ஆரம்பிக்காமலே இருக்கலாம். ஆரம்பிக்கும் முன் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். நீண்ட காலம் சாப்பிட்டவர்கள் சிலருக்கு விழித்திரையில் பாதிப்பு வந்தது 2018-ல் தெரியவந்தது, 2020-ல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

கிருமி இல்லாத ஐ.சி.க்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பயனில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

10. சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மருந்து

மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்து வெளியேற்றுவது. லிக்னோகெய்னும் ஹெப்பாரினும் கலந்து விடுவது ஒன்று, டி.எம்.எஸ்.ஓ. இன்னொன்று, ஹயலுரானிக் அமிலம் மற்றொன்று. வாரம் ஒன்று என்று நாலு முதல் ஆறு வாரம் போகும். அட்மிஷன் தேவையில்லை. டி.எம்.எஸ்.ஓ. போட்டால் ஓரிரு நாள் வாயிலும் உடம்பிலும் பூண்டு வாடை அடிக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஹயலுரானிக் அமில மருந்து ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். மருந்து விலை தனி, போட்டுவிடும் கட்டணம் தனி, மொத்தம் எத்தனை தடவை என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

இதிலும் அடங்காதவர்களுக்கு போடாக்ஸ் ஊசி, நரம்பைத் தூண்டும் கருவி, கடைசியில் ஆபரேஷன் என்று இருக்கிறது. போடாக்ஸ் போட்ட பிறகு சிலருக்குக் கொஞ்ச காலம் தாமாக நீர் போகாது, தானே குழாய் விட்டு எடுக்கப் பழக வேண்டியிருக்கும். அதற்குத் தயாரென்றால் மட்டும் சம்மதியுங்கள்.

11. பணமும் காப்பீடும்

அரசு மருத்துவமனை தவிர வேறு எங்கே போனாலும் இந்த நோயில் பணம் கரைவது ஓ.பி.யில்தான். பெரும்பாலான காப்பீடுகள் அதைத் தருவதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், வருமானச் சான்று கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் எல்லாரையும் தாண்டி வர நாளாகும். ஆகவே சிஸ்டோஸ்கோப்பி தேதி வரும்வரை காத்திருக்காமல் இன்றே விண்ணப்பியுங்கள். மருத்துவமனையில் இந்தத் திட்டத்துக்கென்று ஒரு மேஜை இருக்கும். உங்களுக்கு எழுதிய சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே கேட்டு, முன்அனுமதி வாங்கிய பிறகே அட்மிட் ஆகுங்கள். செய்து முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது. சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் தர மாட்டோம் என்பது பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும் விலக்கு. சிஸ்டோஸ்கோப்பி இந்த வலையில் எளிதாக மாட்டும். உங்களுக்குப் புண்ணைக் கரித்திருந்தாலோ விரித்திருந்தாலோ மருந்து செலுத்தியிருந்தாலோ அது சிகிச்சை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது தெளிவாக இருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் படித்துப் பாருங்கள். இல்லாததை எழுதச் சொல்ல வேண்டாம், நடந்ததை விடாமல் எழுதினால் போதும். புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் இந்த நோயை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருஷம்தான்.

12. வலி ஏறும் நாளும் பயணமும்

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு வாரம் ஏறும். முதலில் ஒரு கல்ச்சர் கொடுத்துவிடுங்கள், ஐ.சி. உள்ளவர்களுக்கும் நிஜமான தொற்று வரும். ரிப்போர்ட் வரும்வரை அடிவயிற்றில் வெந்நீர்ப் பை, தண்ணீர், சப்புச் சாப்பாடு. கடுப்புக்கு டாக்டர் ஃபெனசோபிரிடின் எழுதியிருந்தால் ஓரிரு நாள் மட்டும். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம், துணியில் கறை படியும். நீரின் புளிப்பைக் குறைக்கும் சிரப்பில் உப்புச்சத்து உண்டு, பி.பி. உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பயணத்துக்கு ரயில்தான். லோயர் பெர்த் கேளுங்கள், பாத்ரூமுக்குப் பக்கத்துப் பெட்டிமுனை கிடைத்தால் வாடையைப் பொறுத்துக்கொள்ளலாம். பஸ் என்றால் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லுங்கள், "அண்ணே, எனக்கு யூரின் பிரச்சினை, நடுவுல ஒரு இடத்துல நிறுத்தணும்." கூச்சம்தான். ஆனால் இதுவரை யாரும் மறுத்ததில்லை. கிளம்பும் அன்று காலையில் காபி வேண்டாம், அதற்காகத் தண்ணீரையும் நிறுத்த வேண்டாம்.

வேலை பார்ப்பவர்களும் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் "அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதிக்க வேண்டும்" என்று டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பரீட்சை ஹாலில் போய்க் காட்டினால் வேலைக்காகாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் அதற்கு முன்பே டாக்டரிடம் காட்டி, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுதி வாங்கி அதே ஃபைலில் வையுங்கள்.